ஒரு பக்கம் கூடுது, மறுபக்கம் குறையுது: பைபரில் வெளிச்சத்துக்குத் திசை உண்டா?

2024 ஜூன் 9, இரவு 8.40, கேள்வி

அண்ணை, மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் ஒரு பைபர் மூட்டு, இரண்டு கண்ணாடி இழைகளை ஒட்டிய இடம். கிளிநொச்சிப் பக்கம் ஓடிடிஆரை (பைபருக்குள் வெளிச்சத் துடிப்பு அனுப்பி இழப்பைப் பார்க்கும் மெஷினை) வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் வெளிச்சம் 0.12 டெசிபெல் (வெளிச்சத்தின் கூடுதல் குறைவை அளக்கும் அலகு) கூடுகிறது. மாங்குளத்திலிருந்து பார்த்தால் 0.22 குறைகிறது. மூன்று தரம் வெட்டி ஒட்டிவிட்டேன், மாறவில்லை. வெளிச்சம் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கஷ்டப்பட்டும் போகுமா? போகும், வெளிநாட்டில் அணுக்களை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

ஜூன் 9, இரவு 10.15

தம்பி, நாலாவது தரம் வெட்ட வேண்டாம். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் பிரியுங்கள்: 0.22இல் 0.12 போனால் 0.10, அதில் பாதி 0.05. உண்மையான இழப்பு அதுதான். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் போனாலும் அதே 0.05.

ஓடிடிஆர் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தை அளப்பதில்லை. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, கண்ணாடி சிதறித் திருப்பி அனுப்புகிற துளி வெளிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் மூட்டில் இரண்டு வேறு பைபர் சந்திக்கின்றன. ஒன்றில் வெளிச்சப் புள்ளி கொஞ்சம் அகலம், மற்றதில் ஒடுக்கம். ஒடுக்கமான பைபர் திரும்பி வருகிற சிதறலைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்குள் போகும்போது திரும்பி வருவது திடீரென்று கூடும், மெஷின் அதைக் கூட்டலாகக் காட்டும். மறுபக்கமிருந்து பார்த்தால் அதே வித்தியாசம் கழித்தலாகத் தெரியும்.

இதை நான் கற்றது பூநகரி வீதியில். ஒரு மூட்டை ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்துவிட்டு மூன்று நாள் வெட்டினோம். வேலை கொடுத்தவர் மறுமுனைக்கு ஆள் அனுப்பக் காசு இல்லை என்றார். நாலாம் நாள் நானே மோட்டார் சைக்கிளில் மெஷினைக் கட்டிக்கொண்டு போய் அளந்தேன். இரண்டின் சராசரி 0.04. முதல் நாள் ஒட்டியதே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஜூன் 10, காலை

உங்கள் குழுக்காரர் பொய் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும், அவரைப் பிழையாக்கிவிட்டுப் போக மனமில்லை. அவர் சொல்லும் சோதனை உண்மை. ஆனால் அது உங்கள் மூட்டில் நடப்பது அல்ல. இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் இரண்டும் விளங்காது.

நாங்கள் ஒட்டும் பைபரின் விட்டம் 125 மைக்ரோமீற்றர். வெளிச்சம் அதன் நடுவே சுமார் 9 மைக்ரோமீற்றருக்குள் ஓடுகிறது. அந்த வெளிநாட்டுச் சோதனைகளில் பிடிக்கும் நார் வேறு. இதே மாதிரியான பைபரைச் சூடாக்கி இழுத்து, நடுவில் ஒரு சிறு நீளத்தை அரை மைக்ரோமீற்றர் தடிப்புக்குக் கொண்டு வருகிறார்கள். நம்முடையதில் 250இல் ஒரு பங்கு. வெளிச்சத்தின் அலைநீளமே 852 நனோமீற்றர், நாரோ 500 நனோமீற்றர். வெளிச்சம் முழுவதாக உள்ளே அடங்க இடமில்லை, ஒரு பங்கு கண்ணாடிக்கு வெளியே தழுவிக்கொண்டு ஓடும். அந்தத் தழுவலுக்குள், மேற்பரப்பிலிருந்து 200 நனோமீற்றர் அளவு தூரத்தில், சீசியம் அணுக்களை லேசரால் பிடித்து வரிசையாக நிறுத்துகிறார்கள். முதன்முதல் இப்படி நிறுத்தியது ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், 2010இல். அதே ஆட்கள் பிறகு வியன்னாவுக்குப் போனார்கள். திசைக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஜூன் 10, மாலை

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார், அணு எப்படிக் கீழே விழாமல் நிற்கிறது என்று. இரண்டு நிறம். 1064 நனோமீற்றர் வெளிச்சம் அணுவை நாரின் பக்கம் இழுக்கும். 780 நனோமீற்றர் வெளிச்சம் தள்ளும். தள்ளும் வெளிச்சம் நாருக்குக் கிட்ட மட்டும் பலமாக இருக்கும், இழுப்பது கொஞ்சம் தூரம் வரை எட்டும். இரண்டும் சமப்படுகிற இடத்தில் ஒரு பள்ளம், அதற்குள் அணு.

ஜூன் 12

இனி விஷயத்துக்கு வருவோம். வட்ட முனைவாக்கம் என்று உயர்தரத்தில் படிக்கிறோம்: வெளிச்சம் முன்னே போகப் போக மின்புலம் திருகாணி ஏறுவது போலச் சுழலும். சுழற்சியின் அச்சும் போகும் திசையும் ஒன்று. மெல்லிய நாருக்கு வெளியே வேறு மாதிரி. அங்கே மின்புலம் சைக்கிள் சில்லு போலச் சுழல்கிறது, அச்சு பயணத்துக்குக் குறுக்கே நிற்கிறது.

ஏன்? வெற்றிடத்தில் மின்புலக் கோடு நடுவழியில் அறுந்து நிற்க முடியாது. நாரிலிருந்து வெளியே போகப் போகப் புலம் மெலிகிறது. மெலியும் கோடுகள் எங்காவது போக வேண்டுமே, அதனால் பயணத் திசையிலும் கொஞ்சம் சாய்கின்றன. வெளிநோக்கிய புலம் உச்சத்தில் இருக்கும்போது இந்த நீளவாட்டுப் புலம் பூச்சியம், நீளவாட்டுப் புலம் உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூச்சியம். கால் அலை பிந்தல். அப்படி இரண்டு சேர்ந்தால் சுழற்சிதான்.

ஏ9 வீதியோரம் நில்லுங்கள். மாங்குளம் பக்கம் போகிற சைக்கிளின் சில்லு வலஞ்சுழியாகத் தெரிந்தால், அதே இடத்தில் நின்று பார்க்க, கிளிநொச்சி பக்கம் போகிற சைக்கிளின் சில்லு இடஞ்சுழி. சில்லு சுற்றும் விதத்தைப் பார்த்தே போகும் திசையைச் சொல்லிவிடலாம். நாரைத் தழுவி ஓடும் வெளிச்சமும் அப்படித்தான், திசையைச் சுழற்சியிலேயே கொண்டு போகிறது.

ஜூன் 13

நேற்றையதில் ஒரு பாதி விட்டுப்போனது. நாரின் மேலே ஒரு சுழற்சி என்றால், கீழே எதிர்ச் சுழற்சி. அதற்கு வீதியோரச் சைக்கிள் பொருந்தாது. மேசையின் மேல் உருளும் சில்லையும், மேசையின் அடிப்பக்கத்தை ஒட்டி உருளும் சில்லையும் நினையுங்கள். இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன, சுற்றுவது எதிரெதிர். பக்கவாட்டில் நிற்கும் அணுவுக்கோ சுழற்சியே தெரியாது (வெளிச்சத்தின் முனைவாக்கம், அதாவது மின்புலம் ஆடும் திசை, மேல்கீழாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்). ஆகவே அணு எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது முக்கியம்.

ஜூன் 16, மாலை

இரணைமடுக் குளத்துக்குப் போய் வந்தேன். கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. நீரலையும் இதே சட்டத்தில் கட்டுப்பட்டது. தண்ணீர் சுருங்காது, ஓரிடத்தில் மேலே எழும்பினால் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். கீழே போகப் போக அசைவு மெலிகிறது. கணக்கில் எழுதினால் மின்புலத்துக்கு எழுதும் அதே வரி.

சோளகம் (தென்மேற்குக் காற்று) நன்றாக வீசியது. அலை தெற்கிலிருந்து அணைக்கட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியொன்றை உடைத்து எலுமிச்சங்காய் அளவில் ஓர் உருண்டை செய்து, சிவப்பு மை பூசி, கல்லில் கட்டிய நீளமான நூலில் மிதக்க விட்டேன். கட்டின் மேல் நின்று பார்த்தால் ஏறி இறங்குவதுதான் தெரியும். கட்டு வளையும் இடத்தில் இறங்கி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். குந்தி இருந்தேன். அலையின் முகடு வரும்போது உருண்டை அலையோடு முன்னே போகிறது. பள்ளம் வரும்போது பின்னே வருகிறது. சுற்றிச் சுற்றி ஒரு வட்டம். இடமிருந்து வலமாக அலை, உருண்டை வலஞ்சுழி. பிறகு வளைவின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். இப்போது அலை எனக்கு வலமிருந்து இடமாக வந்தது, உருண்டை இடஞ்சுழி. என்னோடு வந்த மகளுக்கு ஒன்பது வயது. "அப்பா, அது தண்ணிக்குள்ள சைக்கிள் ஓடுது" என்றாள்.

ஜூன் 16, இரவு

ஒன்று விட்டுவிட்டேன். கற்கட்டுக்கு மிகக் கிட்ட, இரு கை விரித்த ஒரு பாக தூரத்துக்குள், வட்டம் சப்பையாகிவிட்டது. சில இடத்தில் உருண்டை ஒரு கோட்டில் மட்டும் போய் வந்தது. முதலில் நூல் இழுக்கிறது என்று நினைத்தேன். இல்லை. கல்லில் பட்டுத் திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்கின்றன, வலஞ்சுழியும் இடஞ்சுழியும் சம அளவில் கூடினால் மிஞ்சுவது நேர்கோடு. நாரிலும் இரு பக்கமிருந்தும் ஒரே அளவில் வெளிச்சம் ஏற்றினால் சுழற்சி இப்படித்தான் அழியும்.

ஜூன் 19

சோதனைகளைச் சொல்கிறேன். 2014இல் வியன்னாவில் பீட்டர்சன், வோல்ஸ், ரவுஷன்பொய்டல் மூவரும் மெல்லிய நாரின் மேல் ஒற்றைத் தங்கத் துணிக்கையை ஒட்டிவைத்தார்கள். பக்கத்திலிருந்து வட்ட முனைவாக்கம் கொண்ட வெளிச்சத்தை அதன்மேல் அடித்தார்கள். துணிக்கை சிதறிய வெளிச்சத்தில் நாருக்குள் நுழைந்த பங்கு பெரும்பாலும் ஒரே திசையில் ஓடியது. வட்டத்தை மற்றப் பக்கம் திருப்பினால் எதிர்த் திசை. அதே ஆண்டில் அதே ஆய்வகத்தார் தங்கத்துக்குப் பதிலாகச் சீசியம் அணுக்களில் செய்தார்கள். அணு தானாக வெளியிடும் வெளிச்சம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அணுவின் உள்நிலையை வைத்தே தீர்மானித்தார்கள்.

ஆகவே நாரின் மேல் ஒட்டிய தங்கத் துணிக்கை ஒருவழிக் கதவு போல. வயல் வாய்க்காலில் மடை வைப்பதைப் போல ஒரு பக்கம் விடும், மறுபக்கம் தடுக்கும்.

சீசியத்தில் இது இன்னும் கூர்மை. அணுவுக்கும் சுழற்சிப் படிகள் உண்டு. காந்தப்புலத்தில் அதை 4 என்ற உச்சப் படியில் நிறுத்திவைத்தால், ஒரு சுழற்சியை மற்றச் சுழற்சியைவிட 45 மடங்கு வலுவாகப் பிடிக்கும். எனவே ஒரு திசையில் போகும் வெளிச்சத்தை மற்றதைவிட 45 மடங்கு சிதறும்.

ஜூன் 20

மல்லாவியிலிருந்து ஒரு பௌதிகவியல் சேர் தனியாக எழுதினார். நேற்று நான் எழுதிய கடைசி இரண்டு பந்தியும் பிழை என்றார். அவர் சொன்னது சரி. அழிக்காமல் விடுகிறேன், எதைத் திருத்துகிறேன் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

தங்கம் ஒருவழிக் கதவு அல்ல. வெளியிலிருந்து அடித்த வெளிச்சம் ஒரு பக்கம் போகும் என்பது வேறு, நாருக்குள் ஓடுகிற வெளிச்சம் ஒரு பக்கம் தடைபடும் என்பது வேறு. நாருக்குள்ளே கிளிநொச்சிப் பக்கமிருந்து விட்டாலும் மாங்குளப் பக்கமிருந்து விட்டாலும் தங்கத் துணிக்கை விழுங்கும் அளவு ஒன்றுதான். தங்கத்துக்கு வலஞ்சுழியும் ஒன்று, இடஞ்சுழியும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆடும். கண்ணாடி, தங்கம், தூசி, வளைவு, உங்கள் மூட்டு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சட்டம்: போன வழியே திரும்பினால் அதே இழப்பு. உங்கள் 0.05க்கு இரு பக்கமும் ஒரே விலை என்று முதல் நாள் நான் எழுதியதும் இதே சட்டத்தால்தான். முதல் நாள் கையில் வைத்திருந்ததைப் பத்து நாள் கழித்துத் தங்கத்தைக் கண்டவுடன் விட்டுவிட்டேன்.

சீசியம் அந்தச் சட்டத்தை எப்படித் தாண்டுகிறது? அதற்கு முன்கூட்டியே ஒரு சுழற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். லேசரால் ஏற்றி, காந்தப்புலத்தால் பிடித்து, 4 என்ற படியில் நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது அணுவுக்கு வலமும் இடமும் ஒன்றல்ல. அணுவை எதிர்ப்படிக்கு மாற்றினால் விடும் பக்கமும் தடுக்கும் பக்கமும் இடம் மாறும். 2015இல் அதே ஆய்வகத்தார் இதைச் செய்து காட்டினார்கள். சில பத்து அணுக்கள் போதுமாயிருந்தன.

பெரிய லேசர் பெட்டிகளுக்குள் வரும் ஐசோலேட்டரும் (வெளிச்சத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் கருவி) இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குள் காந்தம் ஒன்று இருப்பது வீணுக்கில்லை. காந்தம் இல்லாத ஒருவழிக் கண்ணாடி என்று யாராவது விற்க வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

ஜூன் 23

சேர் சுட்டிய இரண்டாவது பிழை, அந்த 45. அது அணுவின் எண். வெளிச்சமும் முழு வட்டமாக இருந்தால்தான் 45 மடங்கு கிடைக்கும். குளத்தில் உருண்டை முழு வட்டம் போட்டது, ஏனென்றால் ஆழமான நீரில் இரண்டு அசைவும் சம அளவு. நாருக்கு வெளியே அப்படி இல்லை, நீளவாட்டுப் புலம் எப்போதும் சிறியது. பாதி என்று வைத்து நானே போட்டுப் பார்த்தேன்.

பெரிய புலம் 1, நீளவாட்டுப் புலம் அரை. இதை வலஞ்சுழி, இடஞ்சுழி என்று பிரித்தால் ஒன்றரைக்கு அரை, அதாவது 3க்கு 1. வலிமை அதன் வர்க்கம்: 9க்கு 1. ஆக 90 சதவீதம் ஒரு சுழற்சி, 10 சதவீதம் மற்றது. அணுவுக்குப் பிடித்த திசையில் வரும் வெளிச்சத்தை அது பிடிப்பது 0.9, அதோடு 10 சதவீதத்தில் 45இல் ஒரு பங்கு, மொத்தம் 0.90 தான். எதிர்த் திசையில் பிடிப்பது 0.1, அதோடு 0.9ஐ 45ஆல் பிரித்த 0.02, மொத்தம் 0.12. ஒன்றை மற்றதால் பிரித்தால் ஏழரை மடங்கு.

45 அல்ல, ஏழரை. குறை அணுவில் இல்லை, வெளிச்சத்தின் சப்பையான சில்லில் இருக்கிறது. 9க்கு 1 என்று நான் கையால் எடுத்ததும், அந்தச் சோதனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் என்று வருவதும் ஒத்துப்போனபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ரியூசன் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுக்கலாம், உயர்தர மாணவருக்கு எட்டாத எதுவும் இதில் இல்லை.

ஜூன் 27

அரை மைக்ரோமீற்றர் நாரை எப்படி இழுக்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நாமும் அதைப் பிழையாக அடிக்கடி செய்கிறோம். பைபர் ஒட்டும் ஸ்பிளைஸ் மெஷினில் எலக்ட்ரோட் தேய்ந்து ஆர்க் (பைபரை உருக்கும் மின்பொறி) கூடிவிட்டால், மூட்டு நடுவில் இடுப்பு போல ஒடுங்கிவிடும். திரையில் பார்த்திருப்பீர்கள், இரு பக்கமும் தடிப்பு, நடுவில் ஒரு கழுத்து. எங்களுக்கு அது வெட்டி எறிய வேண்டிய மூட்டு. அவர்கள் வேண்டுவது அந்தக் கழுத்தைத்தான். ஹைட்ரஜன் சுவாலையில் பதமாகச் சூடாக்கி, இரு பக்கமும் அளவோடு மெதுவாக இழுப்பார்கள். கழுத்து அவசரமாக ஒடுங்கினால் வெளிச்சம் வெளியே கொட்டும், சாய்வு நீளமாக இருந்தால் கொட்டாமல் வெளியே தழுவிக்கொண்டு ஓடும். எங்கள் பிழைக்கும் அவர்கள் வெற்றிக்கும் இடையே அந்தப் பொறுமைதான்.

அடுத்தது தூசி. கனகராயன்குளத்துக்கு அப்பால் கிறவல் ஒழுங்கையில் வேலை செய்யும்போது எங்கள் வான் வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினாலும் ஒரு துகள் வந்து விழும். 125 மைக்ரோமீற்றரில் ஒரு துகள் என்றால் துடைத்துவிட்டுத் திரும்ப வெட்டுவோம். அரை மைக்ரோமீற்றர் நாரில் ஒரு துகள் விழுந்தால் வெளிச்சம் அதில் மோதிச் சிதறிப் போகும், துடைக்கவும் முடியாது. அதனால்தான் தூசியில்லா அறையில் இழுத்து, வெற்றிடக் கலத்துக்குள் வைக்கிறார்கள். இரணைமடுவுக்குக் கிட்டவே அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. பைபர் இழுக்கும் ஆசை உள்ள பிள்ளை யாராவது அங்கே இருந்தால் எனக்கு எழுதட்டும். பழைய ஸ்பிளைஸ் மெஷின் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது.

ஜூலை 3

பல நாளாக மனதில் ஓடிய ஒன்று. அணுக்கள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் முன்பக்கம் மட்டுமே சிதறினால் ஓடிடிஆரில் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. அந்த மெஷின் வாழ்வதே திரும்பி வரும் வெளிச்சத்தில். கண்ணாடி முன்னும் பின்னும் சிதறுவதால்தான் எங்களுக்கு வேலை நடக்கிறது. அணு முழுக்க முன்பக்கம் மட்டுமே சிதறி, வெளியேயும் எதையும் சிந்தாமல் இருந்தால், போகிற வெளிச்சம் முழுதாகப் போய்ச்சேரும், அலை மட்டும் அரைச்சுற்றுத் தள்ளிப்போயிருக்கும். அணு அங்கே நின்றதற்கு அது ஒன்றுதான் தடயம். பவர் மீட்டரில் அதுவும் தெரியாது.

அதே அணு இரு பக்கமும் சமமாகச் சிதறினால் கதை தலைகீழ். வெளியே சிந்தாத ஒற்றை அணு வெளிச்சம் முழுவதையும் திருப்பி அனுப்பும். நடைமுறையில் ஓர் அணு நாருக்குள் கொடுப்பது சில சதவீதம்தான், மிச்சம் வெளியே போய்விடும், அதனால் பல அணு வேண்டும். 2016இல் பாரிசில் சுமார் 2000 அணுக்களை நாரோரம் அளந்து இடைவெளி விட்டு நிறுத்தி 75 சதவீதம் வரை தெறிக்க வைத்தார்கள். 2000 அணு! இங்கே நாங்கள் ஒரு கிளீவில் (பைபரை ஒரு தரம் வெட்டுவதில்) உதிர்க்கும் கண்ணாடித் துளியில் எத்தனை கோடி கோடி இருக்கும்.

அணு நிற்பது ஒன்றுதான். வெளிச்சத்தின் சில்லு எப்படிச் சுழல்கிறது, அணு எந்தச் சுழற்சிக்கு ஆயத்தமாக நிற்கிறது, இந்த இரண்டைப் பொறுத்து அது முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தெறிக்கவும் செய்யும், காணாமலும் போகும். முறிகண்டியில் வானை நிறுத்திக் கச்சான் உடைத்துக்கொண்டு இதை எங்கள் ஓட்டுநருக்குச் சொன்னேன். "அப்ப அணுவுக்கும் வலம் இடம் தெரியும் எண்டுறீங்கள்" என்றார். காந்தம் கொடுத்தால் தெரியும் என்றேன்.

ஜூலை 5

தம்பி, இரு முனையிலும் நீங்கள் அளந்து அனுப்பிய படம் பார்த்தேன். புதிதாகப் போட்ட மூட்டிலும் கூடுவது 0.11, குறைவது 0.19, பாதி 0.04. குழுக்காரருக்கும் காட்டுங்கள். மூட்டுப் பெட்டியின் ரப்பரைத் துடைத்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.